பதில் சொன்னவர் யார்

முப்பதாயிரம் பேருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, மாத்திரையை விடாமல் போடச் சொல்லிப் பேசுவதற்கு எங்கள் சுகாதார அலுவலகத்தில் இருப்பது இருபது பேர். ஒருவர் ஒரு நாளைக்கு நான்கு வீடு ஏறி இறங்கலாம். ஒரே வீட்டுக்கு ஆறு முறை போனால்தான் பேச்சு எடுபடும். வருடத்துக்கு இருநூற்று நாற்பது வேலை நாள். பெருக்கி வகுத்தால் மூவாயிரத்து இருநூறு வீடு வரும். அந்த மூவாயிரத்து இருநூறு யார் என்று பிரித்தெடுப்பதுதான் என் வேலை.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒன்றையே சொல்வார்கள்: யாருக்கு அழுத்தம் அதிகமோ அவர்கள் வீட்டுக்கு முதலில் போகலாமே என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நாம் அனுப்புவது மருந்தை அல்ல, பேச்சை. பேச்சுக்கு யார் அசைவாரோ அவரிடம்தான் பேச்சை அனுப்ப வேண்டும். ஒரு தெருவில் வரிசையாகக் கதவுகள் இருக்கின்றன என்று வையுங்கள். திறந்து கிடக்கிற கதவைத் தள்ளினால் நாம்தான் உள்ளே குப்புற விழுவோம். பூட்டிய கதவைத் தள்ளினால் தோள்தான் வலிக்கும். தாழ்ப்பாள் லேசாக மாட்டியிருக்கிற கதவு ஒன்று இருக்கும், ஒரு தள்ளு தள்ளினால் திறந்துகொள்ளும். அதைத் தேட வேண்டும்.

தேடுவதற்கு ஏழு கேள்விகள் வைத்திருந்தோம். கணக்கெடுப்பவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்பார்கள். பதிலுக்கு ஏற்ப மனிதர்கள் நான்கு வகையாகப் பிரிவார்கள். கோப்புகளில் அந்த வகைகளுக்கு நீளமான பெயர்கள் உண்டு, ஆனால் அலுவலகத்தில் யாரும் அவற்றைச் சொல்வதில்லை. தினமும் மாத்திரை போடுகிறவர் ‘சமத்து’. போட்டுவிட்டு நிறுத்துகிறவர், மறுபடி தொடங்குகிறவர் ‘ஊசல்’. தனக்கு நோய் இருப்பதே இப்போதுதான் தெரிந்தவர் ‘புதுசு’. போடமாட்டேன் போ என்கிறவர் ‘கல்’. எங்கள் இருபது பேரும் ஊசல் வீடுகளுக்குப் போவார்கள். சமத்துக்கு நாங்கள் தேவையில்லை. கல்லுக்கு எங்களால் ஆவது ஒன்றுமில்லை.

கேள்வித்தாளை வடிவமைத்தது நான்தான். முதலில் அதில் எட்டாவதாக ஒரு கட்டம் இருந்தது: ‘பதில் சொன்னவர் யார்? நோயாளியா, வீட்டில் வேறு யாராவதா?’ அந்தக் கட்டத்தைச் சேர்த்தால் தாள் இரண்டாம் பக்கத்துக்குப் போயிற்று. வாசலில் நின்றபடி, ஒரு கையில் பையும் ஒரு கையில் பேனாவுமாக எழுதுகிறவர்கள் தாளைத் திருப்பமாட்டார்கள். பின்பக்கம் எதைக் கேட்டாலும் வெறுமையாகத்தான் திரும்பி வரும். பல வருடங்கள் பார்த்தாகிவிட்டது. அதனால் அந்த ஒரு கட்டத்தை எடுத்துவிட்டேன். எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கியது. எங்கள் மேலதிகாரியான மேடம் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, “இப்பதாம்மா பாக்கவே லட்சணமா இருக்கு” என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது.

கணக்கெடுப்பவர்கள் காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை வீடுகளுக்குப் போனார்கள். என் வீட்டுக்காரருக்கும் ரத்த அழுத்தம் உண்டு என்பதால் எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். பல்வலிக்காக நான் விடுப்பு எடுத்திருந்த நாள் அது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே பதில் சொன்னேன். “உங்க வீட்டுக்காரர் தினமும் மாத்திரை போடுறாரா?” போடுகிறார். “எப்பவாவது மறந்திருக்காரா?” இல்லை. என் கண்ணால் பார்க்கிறேனே. தினமும் காலையில் தண்ணீரைக் கையில் கொடுத்து, அவர் விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுகிறேன். வந்தவர் வரிசையாக டிக் போட்டார். என் வீட்டுக்காரர் முழு மதிப்பெண்ணோடு சமத்து ஆனார்.

பட்டியல் முடிவாவதற்கு மூன்று நாள் முன்னால் ஒரு சரிபார்ப்பு செய்வது வழக்கம். அதற்காக, நாங்கள் ‘அரைப்புள்ளி’ என்று கூப்பிடுகிறவர், இலவச மருந்தகங்களின் பதிவேட்டை வாங்கி வந்திருந்தார். அவர் என் பக்கத்து மேசைக்காரர். எந்த வாக்கியத்தையும் முடிக்கமாட்டார் என்பதால் அந்தப் பெயர். கூப்பிட்டால் கோபித்துக்கொள்வதும் இல்லை.

சரிபார்ப்பு எளிது. மருந்தகத்தில் ஒரு அட்டைக்கு மாதம் முப்பது மாத்திரை கொடுப்பார்கள். தினமும் போடுகிறவர் வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை வந்திருக்க வேண்டும். ஒருவர் சொன்னதையும் வாங்கியதையும் அருகருகே வைத்தால் போதும்.

“அக்கா, இங்க பாருங்களேன். சமத்துல ஆயிரத்து நூத்து நாப்பது பேர் பாதி மாத்திரைகூட வாங்கல. வாங்காமலே எப்படி தினமும்...”

“வெளிக்கடையில வாங்குறாங்களோ?”

“இலவசமா குடுக்கறப்ப எவன் போய்... அதுவும் அத்தனை பேரும் ஆம்பளைங்க. நாப்பது, அம்பது வயசு. பத்து மணிக்கு வீட்டுல இருக்கிற ஆளுங்களே இல்ல, இவங்கெல்லாம்...”

அப்போதுதான் உறைத்தது. பதில் சொன்னது அந்த ஆட்கள் இல்லை. அவர்களுடைய மனைவிமார். பொய்யும் சொல்லவில்லை. மாத்திரையை எடுத்து வைத்தேன் என்பதைத்தான் அவர் போட்டார் என்று சொல்லியிருக்கிறார்கள். எந்தத் தாளில் பதில் யாருடையது என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. அந்தக் கட்டத்தை எடுத்தவள் நான்.

இன்னும் வேறு ஏதாவது ஒற்றுமை தெரிகிறதா என்று பட்டியலை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டு போனேன். ஒரு அட்டை எண்ணில் விரல் நின்றது. அந்த எண்ணை நானே மார்க்கர் பேனாவால் எங்கள் வீட்டில் இருக்கிற ஒரு பிளாஸ்டிக் உறைமேல் பெரிதாக எழுதியிருக்கிறேன். கடைசியாக மாத்திரை வாங்கியது ஏழு மாதத்துக்கு முன்னால்.

“என்னக்கா, தெரிஞ்சவங்களா?” என்றார் அரைப்புள்ளி. அன்றைக்கு அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் முடித்தார்.

என் வீட்டுக்காரர் ஓர் அச்சகத்தில் கட்டிங் மாஸ்டர். சாயங்காலம் வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். காகிதத்தூள் நகக்கண்ணில் ஏறிக்கொள்ளும், தேய்த்துக் கழுவ வேண்டும்.

“காலைல போடுறீங்களே, அது என்ன மாத்திரைங்க?”

“வெள்ளை மாத்திரை.”

“வெள்ளைல ஆயிரம் இருக்கு.”

நகக்கண்ணை இன்னொரு தடவை தேய்த்தார். “கால்சியம்” என்றார். “எலும்புக்கு நல்லதாம்.”

“ஏழு மாசமாவா?”

“எட்டு. விட்டதுக்கப்புறம் கடைசியா ஒரு தடவை வாங்கினத அப்படியே வச்சிட்டேன்.” இந்த மாதிரி விஷயத்தில் நேர்மையான மனிதர்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா என்ன பண்ணுவே? போடச் சொல்லுவே. நீ நின்னு பாத்துட்டுத்தான் நகருவே. ஏதாவது ஒண்ண முழுங்கித்தானே ஆகணும்?”

அவருடைய வேலையைக் கொஞ்சம் விளக்கினால்தான் மீதி புரியும். காகிதம் வெட்டும் இயந்திரம் இடுப்பு உயர மேசை போல இருக்கும். ஐநூறு தாள் கட்டை உள்ளே தள்ளி, பின்னால் இருக்கிற இரும்புச் சுவரில் முட்டுகிற மாதிரித் தட்டிச் சேர்க்க வேண்டும். முதலில் ஒரு அழுத்துப் பலகை இறங்கிக் கட்டைப் பிடித்துக்கொள்ளும். அதன் பின்னாலேயே கத்தி வரும். நேராக வராது, சாய்வாகச் சறுக்கிக்கொண்டு வரும். நேராக இறங்கினால் தாள்கள் நசுங்கும், சறுக்கினால்தான் வெண்ணெய் மாதிரி வெட்டும். கத்தி இறங்க இரண்டு பட்டன்களையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். ஒன்றுக்கொன்று எட்டத்தில் வைத்திருப்பார்கள். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் கத்தியின் கீழே இருக்க முடியாது. அவ்வளவு அழகான யோசனை. ஆனால் அந்த அச்சகத்தில் இடது பட்டனில் மடித்த அட்டை ஒன்றைச் செருகி, எப்போதும் அழுந்தியே இருக்கும்படி வைத்திருக்கிறார்கள். அப்போதுதான் இடது கை கடைசி நொடிவரை கட்டைச் சரி பண்ணலாம், மணிக்கு இருபது வெட்டு கூடுதலாக வரும்.

“முதல்ல அந்த அட்டைய எடுங்க” என்றேன்.

“ரெண்டு கையும் பட்டன்ல வச்சா காகிதத்த யாரு பிடிப்பா, உங்க மேடமா?”

பிறகுதான் காரணத்தைச் சொன்னார்: மாத்திரை போட்டால் தலை சுற்றியதாம். அதிலும் அதிசயம் இல்லை. பல வருடம் அதிக அழுத்தத்துக்குப் பழகிய உடம்பு அதையே சரியான அளவு என்று எடுத்துக்கொண்டிருக்கும். மாத்திரை அதைக் குறைத்ததும், மேலே மூளைக்கு ஏறுகிற ரத்தம் போதவில்லை என்று அதற்குத் தோன்றும். குனிந்து நிமிர்கிற நேரத்தில் கண் இருட்டும். சில வாரங்களில் உடம்பு புதிய அளவுக்குப் பழகிவிடும். கட்டிங் மாஸ்டர் கட்டை எடுக்கவும் வைக்கவும் நாள் முழுவதும் குனிந்து நிமிர்கிறார்.

“டாக்டர்கிட்ட சொல்லிப் பாக்கலாங்க.”

“சொன்னா மெஷின் வேலை கூடாதுன்னு எழுதுவார். எழுதினா மெஷின் போச்சு. இருபத்திரெண்டு வருஷமா எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். உன் லிஸ்ட்டுல நான் என்னவா இருக்கேன்?”

“சமத்து.”

சத்தமாகச் சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லையாம்.

மறுநாள் மேடத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், கட்டத்தை எடுத்தது என் தவறு என்பதையும் சேர்த்து. மேடம் கெட்டவர் இல்லை. கடைசிவரை கேட்டார்.

“இந்த ஆயிரத்து நூத்து நாப்பது பேரும் ஏன் போடலன்னு தெரியுமா?”

“ஒருத்தர் ஏன் போடலன்னு தெரியும் மேடம்.”

“ஒருத்தர வச்சுத் திட்டத்த மாத்த முடியுமாம்மா? முடியாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான்.”

உண்மைதான். பலமுறை சொல்லியிருக்கிறேன்.

“வெள்ளிக்கிழமை லிஸ்ட்ட மூடணும். அத்தனை பேரையும் மறுபடி போய்க் கேக்க எனக்கு ஆளும் இல்ல, நாளும் இல்ல. அடுத்த வருஷம் அந்தக் கட்டத்த வச்சுக்குவோம். ரெண்டாம் பக்கம் போனாப் போகட்டும்.”

“அடுத்த வருஷம் அவங்க...”

“நீயும் அரைப்புள்ளி மாதிரி ஆரம்பிக்காத” என்றார், கொஞ்சம் மென்மையாகவே.

வியாழக்கிழமை எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் நான் ஒரு வரியைத் திருத்தினேன். மூன்றாவது கேள்வியில் ‘தினமும்’ என்று இருந்ததை ‘விட்டு விட்டு’ என்று மாற்றினேன். என் வீட்டுக்காரர் ஊசல் ஆனார், பட்டியலுக்குள் வந்தார். பட்டியல் மூவாயிரத்து இருநூறு பேரோடு நிற்கும் என்பதால் கடைசி வரியில் இருந்த யாரோ வெளியே போனார்கள். அது யார் என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் திரும்ப மாற்றியிருப்பேன் என்று தெரியும், அதனால்தான் பார்க்கவில்லை.

முதல் வருகை ஒரு ஞாயிற்றுக்கிழமை. வந்த பெண் சின்னவள், பயிற்சி முடிந்து ஒரு மாதம்கூட ஆகாதவள். கையில் நான் எழுதிய கேள்வி அட்டைகள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.

“மாத்திரைய ஏன் விட்டுடுறீங்க சார்? மறந்துடுறீங்களா? தீந்துபோய் வாங்காம இருந்துடுறீங்களா? இல்ல, இப்ப நல்லாத்தானே இருக்கோம்னு தோணிடுதா?”

“மூணுமே இல்லம்மா.”

அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். “இதுல மூணுதான் சார் இருக்கு.”

அந்த மூன்றையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஊசல்களில் பெரும்பாலானோர் சொல்கிற காரணங்கள் அவைதான், அதில் தவறில்லை. வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்காகத்தான் இரக்கப்பட்டார் என்று நினைக்கிறேன்.

“அப்ப மறதின்னு போட்டுக்கம்மா.”

மறதி என்று டிக் போட்டாள். மறதிக்காரர்களுக்குக் கொடுக்கிற, ஏழு அறை உள்ள மாத்திரை டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். எப்படித் திறப்பது என்று இரண்டு தடவை செய்து காட்டினாள். அவரும் சிரத்தையாகப் பார்த்துக்கொண்டார். போகும்போது, “ரொம்ப ஒத்துழைப்பு குடுக்கறீங்க சார்” என்றாள்.

அவள் போன பிறகு நான் அவரிடம் கெஞ்சினேன். இதுவரை எதற்கும் அப்படிக் கெஞ்சியதில்லை. கடைசியில் டாக்டரிடம் வந்தார். டாக்டர் வேறு மாத்திரை எழுதினார். முதலில் அரை, ராத்திரி படுக்கும்போது. “மூணு நாலு வாரத்துல உடம்பு பழகிடும். அதுவரைக்கும் மெஷின் பக்கம் போகாதீங்க. லீவுக்குச் சீட்டு எழுதவா?”

“வேணாம் சார், பேசிக்கறேன்” என்றார் இவர்.

பேசியதில் ஒரு வாரம்தான் கிடைத்தது. அந்த வாரம் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தார். எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆனால் நூற்று எண்பத்தெட்டாக இருந்த அழுத்தம் நூற்று எழுபதானது, பிறகு நூற்று அறுபத்து நான்கு. நான் தினமும் தாளில் குறித்து வைத்தேன். மாத்திரை வேலை செய்வதை அந்த எண்களில் கண்கூடாகப் பார்க்க முடிந்தது, படி இறங்குகிற மாதிரி.

இரண்டாவது வாரம் வேலைக்குப் போனார். மூன்றாம் நாள் ஒரு கட்டு நோட்டு அட்டை கோணலாக வெட்டுப்பட்டது. இடது கையால் தட்டிச் சேர்த்தபடி வலது பட்டனை அழுத்தும்போது கண் இருட்டி, கட்டின் மேலேயே கையை ஊன்றிவிட்டார். இடது நடுவிரலின் நகமும் கொஞ்சம் சதையும் போயின. விரல் தப்பியது.

முதலாளி திட்டவில்லை. கட்டுப் போட்டுவிடச் சொல்லி, பேக்கிங்குக்கு அனுப்பினார். மடிப்பு மேசையில் இருந்த ஒருவரை மெஷினில் நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரர் கட்டுகளுக்கு லேபிள் ஒட்டி, கயிறு கட்டினார்.

“அவன் எப்படி வெட்டுறான்?” என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். “பரவாயில்லாம வெட்டுறான். ஓரம் மட்டும் பிசிறு அடிக்குது.”

நான்கு நாள் கழித்து, சாப்பிடும்போது, “இன்னிக்கிலேர்ந்து மாத்திரை போடப் போறதில்ல” என்றார். “உன்ன ஏமாத்த வேணாம்னு சொல்றேன்.”

“பாதி தாண்டியாச்சுங்க. இன்னும் ரெண்டே வாரம்.”

“ரெண்டு வாரத்துல அவன் பிசிறு இல்லாம வெட்டிடுவான்.”

எவ்வளவோ யோசித்தேன். எங்கள் அலுவலகத்தில் கேள்வி அட்டை இருக்கிறது, டப்பா இருக்கிறது, சுவரொட்டி இருக்கிறது, வீட்டுக்கே வந்து இதமாகப் பேச ஆள் இருக்கிறது. அவருக்குக் கொடுக்க இரண்டு வாரம் மட்டும் இல்லை. ஆயிரத்து நூற்று நாற்பது பேரில் எத்தனை பேருக்கு என்ன தேவைப்பட்டதோ, அதுவும் எங்களிடம் இருந்திருக்காது என்றே தோன்றுகிறது. அவர்களுக்கென்று ஐந்தாவதாக ஒரு வகை போட்டிருக்கலாம். போட்டு, பெயரும் வைத்திருப்போம். அந்த வீட்டுக் கதவைத் தட்டி எதைக் கொடுப்பது?

எல்லாக் கதையையும் அரைப்புள்ளியிடம் சொன்னேன், வரியைத் திருத்தியதைத் தவிர. அவர் பேனாவை உருட்டிக்கொண்டே, “அப்ப நாம பிரிக்கறதெல்லாம், அக்கா...” என்றார். அதற்குமேல் போகவில்லை.

மாத்திரையை விட்ட ஐந்து நாளில் தலைசுற்றல் அடியோடு நின்றது. முதலாளி கேட்டாராம், இப்ப எப்படி இருக்கு என்று. சுத்தமா சரியாயிடுச்சு என்றாராம் இவர். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. திங்கட்கிழமை மெஷினைத் திரும்பக் கொடுத்தார்கள்.

அன்றைக்கு அவர் வந்தபோது தெருமுனையிலேயே எனக்குத் தெரிந்தது. நடை வேறாக இருந்தது. வந்ததும் வராததுமாக, அந்த ஆள் கத்தியை எப்படி மழுங்கடித்து வைத்திருந்தார், அதைக் கழற்றி வேறு மாட்ட எவ்வளவு நேரம் பிடித்தது, மாட்டிய பிறகு முதல் கட்டு எப்படி இறங்கியது என்று கையை வைத்துக் காட்டிக் காட்டிச் சொன்னார். கட்டுப் போட்ட விரல் மட்டும் மற்ற விரல்களோடு மடங்காமல் நின்றது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவே ஒன்றிரண்டு கேள்விகூடக் கேட்டேன், அவருக்குச் சொல்லப் பிடிக்கும் என்று.

சாப்பிட்டு முடித்ததும், நான் சொல்லாமலே அழுத்தம் பார்க்கிற கருவியை எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்து சட்டைக் கையை மேலே ஏற்றினார். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான். பட்டையைச் சுற்றினேன். அது உப்பி, மெதுவாக இறங்கி, எண்ணைக் காட்டியது. நூற்று எண்பத்தாறு.

அவர் குனிந்து பார்த்தார். “மொத மொத பாத்தப்போ நூத்தி எண்பத்தெட்டுதானே? ரெண்டு கம்மிதான்.”

“ஆமாங்க” என்றேன்.

“காலைல சீக்கிரம் எழுப்பிடு. ஆர்டர் நிறைய தேங்கிக் கிடக்கு” என்று சொல்லி, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.